அறுந்த நரம்பின் ஆயுள்

தூண்டில் நரம்பு வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்பது ஒன்றுதான்: அறுகாமல் தாங்குமா? அந்த உறுதிதான், நரம்பு கடலில் தொலைந்த பிறகு தொல்லையாகிறது.

1950-கள் வரை இந்திய மீனவர்கள் பெரும்பாலும் பருத்தி, சணல் நூல்களையே நம்பியிருந்தார்கள். உப்புநீரில் அவை மக்கிவிடும். எனவே மரப்பட்டைச் சாயத்தில் தோய்ப்பதும் மணலில் உலர்த்துவதும் ஓயாத வேலை. 1935-ல் அமெரிக்காவில் உருவான நைலான் இங்கு வந்ததும் அந்த வேலை ஒழிந்தது. நீரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழையில் மீனும் கூடுதலாக விழுந்தது. தமிழகக் கரையில் தங்கூசி என்று பெயர் பெற்ற அந்த இழைக்கு மாறிய மீனவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பாறையில் சிக்கி அறுந்த தங்கூசி வலை, ஆளில்லாமலே மீன்பிடித்துக்கொண்டிருக்கும். ஒடிசாவின் கஹிர்மாதாவுக்குக் கூட்டமாக முட்டையிட வரும் பங்குனி ஆமை அதில் மாட்டினால், மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும்.

நைலான் நரம்பு சிதைய 600 ஆண்டுகள் ஆகும் என்பார்கள். இது வெறும் மதிப்பீடு. நைலானுக்கே இன்னும் நூறு வயதாகவில்லை. வெயில் பட்டால் சீக்கிரம் நொறுங்கும். இருண்ட ஆழத்தில் நெடுங்காலம் கிடக்கும். நொறுங்கினாலும் மறைவதில்லை, நுண்துகளாகிறது. பிறகு வந்த புளூரோகார்பன் நரம்பு வெயிலுக்கும் மசியாது, தண்ணீரையும் உறிஞ்சாது. விற்பனைக்கு இது சிறப்பு, கடலுக்குக் கேடு.

மக்கும் பிளாஸ்டிக்கில் செய்த வலைகளும் உண்டு. தென்கொரிய அரசு மானியம் கொடுத்து அவற்றைப் பரப்பியது. நார்வேயில் சோதித்தபோது, நைலானைவிடக் குறைவான மீனே கிடைத்தது. விலையும் அதிகம். கடன் வாங்கிப் படகு ஓட்டுபவர் இதை ஏன் வாங்குவார்?

கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரையில் 2017-ல் ஒரு திட்டம் தொடங்கியது. வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள்; அதைப் பொடியாக்கிச் சாலை போடக் கொடுத்தார்கள். நைலானை உருக்கி மறுபடி இழையாக்கவும் முடியும். எனவே பழைய நரம்பையும் கிழிந்த வலையையும் ஒவ்வொரு துறைமுகத்திலும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். காசு கிடைக்கும் என்றால் யாரும் அவற்றைக் கடலில் வீசமாட்டார்கள். செலவை நரம்பு தயாரிப்பவர்களும் அரசும்தான் ஏற்க வேண்டும். மீனவர் தலையில் அதைக் கட்டினால் திட்டம் கரை சேராது.