வானத்துக்கும் ஒரு பேரேடு

செட்டிநாட்டு வீடுகளில் மழைக் கணக்கு எழுதினால் என்ன லாபம்?

புரட்டாசி மாதத்து ராத்திரியில் காரைக்குடியில் மழை பெய்து ஓய்ந்தால், மறுநாள் காலை டீக்கடையில் ஒரு வழக்கு நடக்கும்.

"ராத்திரி நல்ல மழைண்ணே! தெருவெல்லாம் ஆறா ஓடுச்சு" என்பார் செக்காலைக்காரர்.

"எங்கே பெய்ஞ்சது? எங்க பக்கம் தூசிகூட அடங்கலையே!" என்பார் கழனிவாசல்காரர்.

இருவரும் பொய் சொல்லவில்லை. ஊர் ஒன்று, மழை இரண்டு. இந்த வழக்குக்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. கொல்லைப்புறத்தில் வைக்கும் ஒரு சிறிய மழைமானிதான் அது.

இப்போது வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வானிலைக் கருவிகள் விலைக்குக் கிடைக்கின்றன. வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், மழை அளவு எல்லாவற்றையும் அவை கைபேசிக்கு அனுப்பிவிடுகின்றன. வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் இதை நினைக்கலாம். ஆனால் கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழும் சீமையில், மழைக் கணக்கு என்பது சோற்றுக் கணக்கு.

பன்னிரண்டு மாதமும் எப்படி?

செட்டிநாட்டின் வானத்துக்கு ஒரு முறை உண்டு. தையிலும் மாசியிலும் பனி. மழை அநேகமாக இராது. பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும்.

சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில். பகலெல்லாம் சுட்ட தரையிலிருந்து சூடான காற்று மேலே எழும்பும். உயரே போனதும் அது குளிர்ந்து மேகமாகும். சாயங்காலம் இடியும் மின்னலுமாகச் சில நாள் கொட்டும். இதுதான் கோடை மழை.

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அப்போது கேரளத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டும். செட்டிநாட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. மேகம் தன் சரக்கில் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது வறண்ட காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னது சும்மா அல்ல.

ஆவணி, புரட்டாசியில் பொழுது சாய்ந்த பிறகு இடிமழை வரும். ஒரு தெருவை நனைத்துவிட்டு அடுத்த தெருவை விட்டுவிடும் மழை இதுதான். டீக்கடை வழக்குக்கும் இதுவே காரணம்.

ஐப்பசியில் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்வது. சிவகங்கை மாவட்டத்தின் வருஷ சராசரி சுமார் 90 சென்டிமீட்டர். அதில் பெரிய பங்கும் இந்தப் பருவத்தில்தான் வருகிறது.

மொத்தம் சொல்லாத உண்மை

"இந்த மாதம் சராசரி மழை பெய்துவிட்டது" என்று செய்தி வருகிறது. கேட்டவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் வயலில் பயிர் வாடி நிற்கிறது. இது எப்படி?

ஒரு மாதத்தில் 20 சென்டிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். அது 10 நாளில், நாளுக்கு 2 சென்டிமீட்டராகப் பெய்தால், மண் குடிக்கும், கிணறு ஊறும், கண்மாய் நிதானமாகப் பெருகும். அதே 20 சென்டிமீட்டர் ஒரே ராத்திரியில் கொட்டினால், கரை உடையும், தண்ணீர் ஓடிப்போகும், மீதி 29 நாளும் வெயில் காயும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். விவசாயிக்கோ ஒன்று வாழ்வு, மற்றது தாழ்வு.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் புழுதி விதைப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். முதல் மழையில் விதை முளைக்கும். அடுத்த மழை சீக்கிரம் வந்தால் பிழைக்கும். நாள் கடந்தால் முளை கருகும். மறுபடியும் விதை நெல், மறுபடியும் உழவுக் கூலி, மறுபடியும் கடன்! ஆகவே எவ்வளவு பெய்தது என்பதைப் போலவே, ஒரு மழைக்கும் மறு மழைக்கும் நடுவே எத்தனை நாள் காய்ந்தது என்பதும் முக்கியம். மாத மொத்தத்தில் அந்த எண் இராது. தினமும் எழுதும் நோட்டில் இருக்கும்.

பழமொழிக்கு ஒரு பரீட்சை

நம் பெரியவர்கள் எழுதாமலே கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குக்குப் பழமொழி என்று பெயர். "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பது அதில் ஒன்று. பல வருஷங்களில் இது சரியாகவே இருக்கும். 2015-ல் சென்னையை மூழ்கடித்த டிசம்பர் 1-ந் தேதி மழை, கார்த்திகை மாதத்து மழைதான்.

ஆனால் 2023-ல் நடந்தது வேறு. மார்கழி பிறந்த அன்றே, டிசம்பர் 17-ந் தேதி, தென் மாவட்டங்களில் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. சிவகங்கை மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுவதும் கிடைக்கிற அளவு, அங்கே ஒரே நாளில்! அதற்கு முன் 2021 ஜனவரியில், பொங்கல் நேரத்தில் மழை விடாமல் பெய்து, டெல்டாவிலும் தென் மாவட்டங்களிலும் அறுவடைக்கு நின்ற நெல்லைச் சாய்த்தது.

நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவிகிதம் குறைந்துபோயிற்று. ஐப்பசியும் கார்த்திகையும் வந்தன, அடைமழை வரவில்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது.

பூமி சூடாகி வருவதை விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டுகிறார்கள். காற்று 1 டிகிரி சூடானால், சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைத் தாங்கும். அப்படித் தாங்கியதை ஒரேயடியாகக் கொட்டவும் செய்யும். பழமொழி பொய்த்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எந்த ஊரில், எந்த மாதத்தில், எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்று பழமொழியால் சொல்ல முடியாது. அதற்கு எண் வேண்டும்.

சாதாரண மனிதர்கள் செய்த காரியம்

இங்கிலாந்தில் 1860-ல் சைமன்ஸ் என்ற 22 வயது இளைஞர் ஒரு வேலையைத் தொடங்கினார். பாதிரியார், பண்ணைக்காரர், டாக்டர் என்று பலரும் தங்கள் வீட்டில் அளந்த மழையை அவருக்கு எழுதி அனுப்பினார்கள். முதலில் அவருக்குக் கிடைத்தது 168 இடங்களின் கணக்கு. 1900-ல் அவர் காலமானபோது, மழை அளக்கும் இடங்கள் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தன. அவர் பெயரைத் தாங்கிய மழைமானியையே இந்திய வானிலைத் துறையும் நெடுங்காலம் பயன்படுத்தியது.

நம் நாட்டில் வானிலைத் துறை 1875-ல் ஏற்பட்டது. புயலும் பஞ்சமும் அடுத்தடுத்துத் தாக்கிய பிறகே அது பிறந்தது. அண்மையில் தமிழக அரசு, மாநிலமெங்கும் 1,400 தானியங்கி மழைமானிகள் வைக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. நல்ல காரியம். ஆனாலும் தெருவுக்குத் தெரு மாறும் மழைக்கு, தெருவுக்கு ஒரு மழைமானியைச் சர்க்கார் வைக்க முடியாது. அந்த இடைவெளியை வீடுகள்தான் நிரப்ப முடியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வீட்டுக் கணக்கு சர்க்கார் கணக்குக்கு மாற்று ஆகாது. நிவாரணம் என்று வரும்போது அதிகாரிகள் பார்ப்பது சர்க்கார் அளவைத்தான். ஆனால் எங்கள் ஊரில் இத்தனை நாள் மழை இல்லை என்று தேதியோடு நோட்டை நீட்டுகிறவர் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும்.

எப்படி அளப்பது?

விலை உயர்ந்த கருவி வேண்டும் என்பதில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக, நேராக உள்ள ஒரு பாத்திரமும் ஓர் அடிக்கோலும் போதும். குடம் உதவாது. குடத்தின் வாய் குறுகல், வயிறு அகலம். வாய் வழியே விழுந்த தண்ணீர் வயிற்றில் பரவி, அளவைக் குறைத்துக் காட்டும்.

பாத்திரத்தைத் தரையிலிருந்து சுமார் ஓர் அடி உயரத்தில், ஆடாமல் வைக்க வேண்டும். நடுமுற்றம் வசதிதானே என்று தோன்றும். ஆனால் சுற்றிலும் ஓடு இறங்கும் முற்றத்தில் கூரைத் தண்ணீரும் தெறித்து விழும். கொல்லையில், சுவரும் மரமும் தம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்கும் இடமே நல்லது.

தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுத வேண்டும். நாடெங்கும் மழை அளக்கும் நேரம் அதுதான். மழை இல்லாத நாளில் '0' என்று எழுத வேண்டும். வெறுமனே விட்டால், பின்னால் பார்ப்பவருக்கு மழை இல்லையா, பார்க்க மறந்தீர்களா என்று தெரியாது. இரண்டரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் அது மழை நாள்.

வெப்பமானியை வீட்டுக்குள் மாட்டி ஊர் வெப்பத்தை அறிய முடியாது. செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ளே குளிர்ச்சியைக் காப்பவை. வெளியே நிழலில், காற்றோட்டமாக, நாலடி உயரத்தில் மாட்ட வேண்டும். தானே அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள், மழைக் கிண்ணத்தில் இலையும் சிலந்தி வலையும் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடைமழையிலும் அது '0' காட்டும்.

அளந்ததைத் தண்ணீராகப் பார்த்தால் அருமை புரியும். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 30 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது சுமார் 2,790 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 186 குடம்! முற்றத்தில் அண்டாவை வைத்து மழைநீர் பிடித்த பாட்டிமார்களுக்கு, எண் தெரியாவிட்டாலும் இந்த விஷயம் தெரிந்திருந்தது.

முப்பது வருஷத்துக் கணக்கு

ஓர் இடத்தின் மழைச் சராசரியைச் சொல்ல 30 வருஷக் கணக்கு வேண்டும் என்பது உலகமெங்கும் உள்ள முறை. இன்று அப்பா தொடங்கும் நோட்டை மகள் முடிக்க வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைக்கு இது கஷ்டமான வேலை அல்ல. காலையில் இரண்டு நிமிஷம் போதும்.

கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்து, பைசா பிசகாமல் பேரேடு எழுதி, ஐந்தொகை போட்டுப் பார்த்த சீமை இது. வட்டிக்கும் முதலுக்கும் கணக்கு வைத்த வீடுகளில், வானம் வரவு வைத்த தண்ணீருக்கு மட்டும் கணக்கு இல்லாமல் இருக்கலாமா? அடுத்த ஐப்பசிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினால் போதும். முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, மழை இல்லாவிட்டாலும் '0' என்று எழுதித் தொடங்கலாம்.