முன்னாள் எம்.பி.க்கு 31,000, ஏழை முதியவருக்கு 200

2025-26 பட்ஜெட்டிலும் முதியோர் பென்சன் உயரவில்லை. அந்தப் பென்சனைத் தரும் தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2024-25இல் ஒதுக்கியது 9,652 கோடி ரூபாய்; 2025-26க்கும் அதே 9,652 கோடி. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, எண்பது வயது ஆகாத முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு 2007இல் மாதம் 200 ரூபாய். இன்றும் அதேதான். இது போதாது என்று ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை எழுதிவிட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேட்டால் நிதிச்சுமை என்கிறார்கள். பட்ஜெட் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2025 மார்ச் 24இல் எம்.பி.க்களின் சம்பளம் 1 லட்சத்திலிருந்து 1.24 லட்சம் ஆனது. முன்னாள் எம்.பி.க்களின் பென்சன் 25,000இலிருந்து 31,000 ஆனது. அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு! அப்போது நிதிச்சுமை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பணவீக்கத்தைக் கணக்கிட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் சம்பளம் ஏற வேண்டும் என்று 2018லேயே சட்டத்தில் எழுதிக்கொண்டவர்கள் இவர்கள். எம்.பி.க்களுக்குச் சம்பளம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. விலைவாசி அவர்கள் வீட்டில் மட்டும்தான் ஏறுகிறதா என்று கேட்கிறோம். 2007இன் 200 ரூபாய்க்கு இன்று எழுபது ரூபாய் மதிப்புகூடக் கிடையாது. முன்னாள் எம்.பி.க்கு ஒரே கையெழுத்தில் மாதந்தோறும் கூடிய 6,000 ரூபாயைப் பார்க்க, ஒரு முதியவர் முப்பது மாதம் அந்த 200ஐச் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மாநில அரசு தன் பங்கைப் போட்டு 1,200 ஆக்கித் தருவதால் இந்த அநியாயம் நம் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. அந்தப் பணத்தை வாங்கப் படும் பாடு தனி. களை பறித்தே தேய்ந்துபோன விரலைச் சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்து மெஷினில் வைப்பார் பாட்டி. “ரேகை விழலை, நாளைக்கு வாங்க” என்பார் வங்கி முகவர். மறுநாளும் ஷேர் ஆட்டோவுக்குக் காசு வேண்டும்.

மத்திய அரசிடம் பணம் இல்லையா? முதியோர் பென்சன் திட்டத்தில் உள்ள சுமார் 2.21 கோடி முதியவர்களுக்கு மத்தியப் பங்கை 1,000 ஆக்கினால் ஆண்டுக்குக் கூடுதல் செலவு சுமார் 21,000 கோடி. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தபோது ஓராண்டில் இழக்கும் தொகை 1.45 லட்சம் கோடி என்று அரசே சொன்னது. அதில் ஏழில் ஒரு பங்கு போதும்.

மத்திய அரசின் பழைய கணக்கும் நினைவில் இருக்கிறது. 2016 நவம்பரில் ஒரே இரவில் நோட்டைச் செல்லாததாக்கி வயதானவர்களை வங்கி வாசலில் நிறுத்தினார்கள். 2020இல் நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டிவிட்டு, பென்சன் வாங்கும் முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் மூன்று மாதத்துக்குச் சேர்த்து 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அதையும் இரண்டு தவணையாக. மாற்றுத்திறனாளிக்கு 80 சதவீதம் ஊனம் இருந்தால்தான் மாதம் 300 என்ற விதியை இன்றுவரை தொடவில்லை. நூறு நாள் வேலைக்குப் போன பெண்களை வருகைப் பதிவுக்காக நாளுக்கு இரண்டு முறை செல்போன் படத்துக்கு நிற்க வைத்தார்கள். சிக்னல் கிடைக்காத ஊரில் அவர்களின் கூலிக்கு யார் பொறுப்பு? இத்தனையும் செய்துவிட்டு, இலவசம் மக்களைச் சோம்பேறியாக்குகிறது என்று மேடையில் பேசுகிறார்கள். எழுபது வயதுவரை வெயிலில் உழைத்தவரைப் பார்த்து இப்படிச் சொல்ல வெட்கப்பட வேண்டும்.

அடுத்த பட்ஜெட்டுக்கு முன் இதற்கு ஒரு வழி பிறந்தாக வேண்டும். எம்.பி.க்கள் தங்கள் சம்பளத்துக்குச் செய்துகொண்டதைப் போல, பணவீக்கத்தோடு ஏறும் ஏற்பாட்டை முதியவர்களுக்கும் செய்யட்டும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பாராமல் எழுந்து இதைக் கேட்க வேண்டும்.