எஸ்பிரஸ்ஸோவுக்குத் தூள் கேட்டால்...

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகியபின், "எஸ்பிரஸ்ஸோ மெஷினுக்குத் தூள் உண்டா?" என்று நம் கடைகளிலும் கேட்கிறார்கள். இல்லையென்று கைவிரித்தால் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவார்கள்; துவரம்பருப்பையும் அங்கேயே வாங்கிவிடுவார்கள்.

இயந்திரத்தை நாம் விற்க வேண்டியதில்லை. முதல் முடங்கும், பழுதானால் ஆள் தேட வேண்டும். தூளைச் சரியாகக் கொடுத்தாலே போதும். பித்தளை பில்டரில் டிகாக்‌ஷன் தானாகச் சொட்டுகிறது. எஸ்பிரஸ்ஸோவிலோ சுமார் 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். ஆகவே தூள் நைஸாக வேண்டும். சிக்கரி கூடாது, ஊறிப் பிசுபிசுத்துச் சல்லடையை அடைக்கும். இத்தாலியில் 1933-ல் வந்த பியாலெட்டி மோக்கா பாத்திரத்துக்குச் சற்றுக் கொரகொரப்பாக அரைக்கலாம். (அடுப்பில் வைக்கும் இந்தச் சாமானை மட்டும் நாமும் இரண்டொன்று வாங்கி வைக்கலாம்.)

கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பொட்டலம் கட்டும்போது இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நம்மிலும் உண்டு. 'சுத்தக் காப்பி' என்று நம்பி வாங்கியவர், அடைத்துப்போன இயந்திரத்தோடு கடை வாசலில் வந்து நின்றால் என்ன பதில் சொல்வோம்?

பீபெரியோ பிளாண்டேஷன் ஏ கொட்டையோ இரண்டு கிலோ இருப்பு வைத்து, கேட்ட பதத்தில் அரைத்துக் கொடுப்போம். அரவை வசதி இல்லாதவர்கள் பக்கத்துக் காப்பித்தூள் கடையோடு பேசிவைத்துக்கொள்ளலாம்.