முதல் தோல்வியும் முந்திக்கொள்ளும் நாவும்



நமது கடற்கரையூர்களில் கால்பந்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை வெளியூர் உறவினர்களுக்கு விளக்குவது எளிதன்று. காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மவ்லானா அபுல் கலாம் ஆசாத் நினைவாக நடத்தும் அகில இந்தியப் போட்டிக்குத் திரளும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கே அது விளங்கும். ஆகவே, சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஒரு பெரிய அணி தோற்றுவிட்டால், இஷா தொழுகைக்குப் பின் தேநீர்க் கடையில் தொடங்கும் வாக்குவாதம் மறுநாள் மக்தபுக்கு ஓதவரும் பிள்ளைகள் வரை வந்துவிடுகிறது. பயிற்சியாளரை உடனே நீக்க வேண்டும் என்கிறான் பத்து வயதுச் சிறுவன். இன்னொருவன், இந்த ஆண்டு அந்த அணி அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறான். மூன்றாமவன் ஒரு வீரரின் பெயரைச் சொல்லி, நான் இங்கே எழுத விரும்பாத ஒரு பட்டத்தையும் அதனோடு சேர்த்துச் சொல்கிறான். அந்தப் பட்டத்தை அவன் எங்கே கற்றான்? பெரியவர்களாகிய நம்மிடம்தான்.

ஆட்டத்தைப் பற்றி விவாதிப்பதை நான் குறை கூறவில்லை. ஏன் தோற்றோம் என்று ஆராய்வது அறிவின் வேலை. முதல் நாளிலேயே தீர்ப்பு எழுதுவதும், அந்தத் தீர்ப்பை ஆட்டத்தின் மீது எழுதாமல் ஆட்களின் மீது எழுதுவதும்தான் என்னை உறுத்துகின்றன.

நமது மாநிலத்து அணியையே எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்.சி. அணி பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்ற கணக்கில் வென்றது. லீக் சுற்றில் பெங்களூரு 40 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தது. சென்னைக்கு 32 புள்ளிகளே. இறுதியாட்டத்திலும் ஒன்பதாம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார். பின்னர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல்களும், ரஃபேல் அகஸ்டோ ஒரு கோலும் அடிக்க, எதிரணியின் சொந்த ஊரிலேயே கோப்பை சென்னையின் கைக்கு வந்தது.

அடுத்த சீசனில் சென்னையின் முதல் ஆட்டம் அதே அரங்கில், அதே எதிரணியுடன் அமைந்தது. செப்டம்பர் 30, ஞாயிறு இரவு. மீக்கு அடித்த ஒரே கோலில் நடப்பு சாம்பியன் தோற்றது. வென்றவர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றனர் சிலர். ஒரு கோல்தானே, போகட்டும் என்றனர் சிலர். அந்த சீசன் முடிந்தபோது பத்து அணிகளில் சென்னை பத்தாவது. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளிகள். முதல் நாளே சொன்னேனே என்று மார்தட்டியவர்களுக்கு அது பெருநாளாயிற்று.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2019 அக்டோபர் 23 அன்று அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் சென்னை கோவாவிடம் 0-3 என முன்னதைவிட மோசமாகத் தோற்றது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில் கிடைத்த ஒரு வெற்றிக்குப் பின் பயிற்சியாளர் ஜான் கிரிகோரி விலக, ஓவன் கோய்ல் பொறுப்பேற்றார். அணி மெல்ல எழுந்தது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படாத கோவா அரங்கில், அவர்கள் இறுதியாட்டத்தில் நின்றிருந்தனர். ஏடிகே அணியிடம் 1-3 எனத் தோற்றது வேறு செய்தி. முதல் நாளில் மூன்று கோல் வாங்கிய அணி கடைசி நாள் வரை வந்து நின்றது.

ஆக, ஒரே அணி, அடுத்தடுத்த இரண்டு சீசன்கள், இரண்டிலும் முதல் ஆட்டத்தில் தோல்வி. ஒன்று அடித்தட்டில் முடிந்தது, மற்றது இறுதியாட்டத்தில். இரண்டு ஆண்டும் முதல் நாளிலேயே 'இந்த அணி முடிந்தது' என்று அறிவித்தவர் ஒருமுறை சரியாகவும் ஒருமுறை தவறாகவும் சொல்லியிருப்பார். அதற்குப் பெயர் கணிப்பு அன்று, காசைச் சுண்டிப் பார்ப்பது. கோப்பையை ஏந்திய தலைவர் ஹென்றிக் செரெனோ அணியைவிட்டுப் போய்விட்டாரே, அவரது இடத்தை யார் நிரப்புவார் என்று 2018இல் கேட்டவர் இருந்தால், அவரே ஆட்டத்தைப் பார்த்தவர்.

நமது முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைவிடப் பொறுமைசாலிகள். 1961க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அது நடந்த காலத்தில், ஒரு பாரில் குளிப்பை அறிவிக்கும் முன்னர் மாதிரிக்கென ஆயிரக்கணக்கில் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்தார்கள். முதலில் திறந்த சிப்பி வெறுமையாக இருந்தால் பாரே வெறும் பார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

இனி, எதிர்பாராத தோல்வியைக் கண்ட ரசிகர்களைப் பற்றிய ஒரு நபிமொழிக்கு வருகிறேன். ரசிகர்கள் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. அதனை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசி இளம் ஒட்டகம் ஒன்றின் மீது வந்து அதை முந்திவிட்டார். முஸ்லிம்களுக்கு அது மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. அதை அறிந்துகொண்ட நபியவர்கள், இவ்வுலகில் உயர்ந்துவிடும் எப்பொருளையும் தாழ்த்திவிடுவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் பதிலளித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி பதிவு செய்த செய்தி இது.

இதை ஓதிக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் என் கவனம் ஓரிடத்தில் நின்றுவிடும். ஸஹாபாக்கள் வருந்தினார்கள். ஓர் ஒட்டகப் பந்தயத்திற்கு இவ்வளவு வருத்தமா என்று நபியவர்கள் கடிந்ததாக அந்த அறிவிப்பில் இல்லை. விரும்பிய ஒன்று தோற்றால் மனம் நோவது இயல்பு. அந்த நோவுக்கு அங்கே இடம் இருந்தது. அதே அறிவிப்பில் அந்தக் கிராமவாசியைப் பழித்து ஒரு சொல்லும் இல்லை. அள்பாவைக் குறை கூறி ஒரு சொல்லும் இல்லை. முன்னதைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை, பின்னதை நாம் கடைப்பிடிப்பதில்லை.

2022 உலகக் கோப்பையில் இந்த நபிமொழி நினைவுக்கு வந்திருக்க வேண்டிய நாள் நவம்பர் 22. தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோல்வியே காணாத அர்ஜென்டினா, தனது முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவைச் சந்தித்தது. பத்தாம் நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் அடித்தார். இடைவேளைக்குப் பின் ஐந்தே நிமிட இடைவெளியில் ஸாலிஹ் அல்ஷஹ்ரியும் ஸாலிம் அல்தவ்ஸரியும் அடித்த கோல்களால் சவூதி 2-1 என வென்றது. மறுநாள் அந்நாட்டில் பொது விடுமுறை.

நமது பகுதியிலும் மெஸ்ஸி ரசிகர்களுக்குக் குறைவில்லை. அன்று ஒரே வீட்டில் தம்பி அழ, காக்கா சிரித்த கதைகள் உண்டு. அதில் தவறேதும் இல்லை. ஆனால் வேறொரு பேச்சும் அன்று பரவியது. இது இஸ்லாத்தின் வெற்றி என்றார்கள். கைப்பேசிகளில் அப்படியே அனுப்பினார்கள். அர்ஜென்டினாவுக்காக வருந்திய பிள்ளைகளின் ஈமானையே சிலர் கேலிப்பொருளாக்கினார்கள். (ஆட்டம் நமது நேரப்படி பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கியது. ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸ்ர் வக்து அப்போதுதான் நுழைந்திருந்தது. ஆட்டம் முடிந்தபோது மஃரிபுக்கு அரைமணி நேரம்கூட இல்லை. இடைவேளையின் பதினைந்து நிமிடம் ஒரு ஜமாஅத்துக்குப் போதும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.)

இந்தப் பேச்சை நான் மறுக்கிறேன். நவம்பர் 26 அன்று சவூதி போலந்திடம் 0-2 எனத் தோற்றது. 30 அன்று மெக்ஸிகோவிடம் 1-2 எனத் தோற்று, முதல் சுற்றோடு வெளியேறியது. மார்க்கத்தைக் கோல் கணக்கோடு கட்டிவைத்தவர், எட்டே நாளில் தமது பிள்ளைக்கு என்ன விளக்கம் தருவார்? அர்ஜென்டினாவோ தனது அடுத்த ஆட்டத்திற்கு ஐந்து பேரை மாற்றிக் களமிறக்கி மெக்ஸிகோவை வென்றது. முதல் தோல்வியைக் கண்ட அதே லுசைல் அரங்கில் டிசம்பர் 18 அன்று கோப்பையை ஏந்தியது. சத்தியத்தின் அளவுகோல் தொண்ணூறு நிமிடத்தில் மாறக்கூடியதன்று. அதை விளையாட்டுத் திடலில் ஊன்றுபவர் தம்மை அறியாமலேயே பிள்ளையின் நம்பிக்கையை ஒரு கோல்கீப்பரின் கையில் ஒப்படைக்கிறார்.

அதே போட்டியில் என்னை நெகிழச் செய்தவர்கள் மொராக்கோ வீரர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அரையிறுதிக்கு வந்த முதல் அணி அது. பிரான்ஸிடம் 0-2 எனத் தோற்ற பின் தமது ரசிகர்களின் முன் ஸஜ்தாவில் விழுந்தார்கள். வெற்றியில் விழும் ஸஜ்தாவைப் படமெடுத்துப் பரப்புகிறோம். தோல்வியில் விழுந்த இதைப் பிள்ளைகளுக்குக் காட்டியவர்கள் எத்தனை பேர்?

நாவின் விஷயத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ரேஷ்ஃபோர்டு, சான்சோ, சாகா மூவரும் பெனால்டியைத் தவறவிட்டனர். சாகாவுக்கு அப்போது வயது 19. அவர்களது தோலின் நிறத்தைச் சொல்லி இணையத்தில் கொட்டப்பட்ட வசைகளை உலகமே கண்டித்தது, நாமும் கண்டித்தோம். ஆனால் நமது ஊர்த் திடலில் பெனால்டியைத் தவறவிட்ட பையனுக்கு, அவனது உடல் பருமனையோ வாப்பாவின் தொழிலையோ சேர்த்து ஒரு பெயர் வைக்கிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்? அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் ஒருசேரத் தடுக்கிறது. விளையாட்டுத் திடலுக்கு அதில் விதிவிலக்கு இல்லை.

என்னிடம் ஓதிய ஒரு மாணவன், பதின்மூன்று வயது, கோல்கீப்பராக இருந்தான். பந்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரன் என்று அவனுடைய கூட்டாளிகளே சொல்வார்கள். விடுமுறைப் போட்டி ஒன்றின் முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினான். ஆட்டம் முடிந்ததும் அத்தனை பேர் முன்னிலையில் அவனுடைய வாப்பா, "இந்தக் கைய வச்சுக்கிட்டு உனக்கெதுக்குடா இந்த வேலை?" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர்; அன்று தேநீர்க் கடையில் அணிகளைப் பற்றிப் பேசும் அதே மொழியை மகனிடமும் பேசிவிட்டார், அவ்வளவே. பையன் அதன் பின் திடலுக்கு வரவில்லை. அவ்வாண்டு மக்தப் தேர்விலும், முதல் கேள்விக்குத் தடுமாறியதும் எழுந்து நின்றுகொண்டான். அடுத்த கேள்விக்கு அவனுக்கு விடை தெரியும் என்பதை நான் அறிவேன்.

பந்தயத்தையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் நடுவண் அரசின் சட்டம் தடைசெய்துவிட்டது. அதனால் நமது இளைஞர்கள் தப்பித்துவிட்டதாக எண்ண வேண்டாம். தோற்ற அணியின் ரசிகன் ஒரு கிலோ மக்ரூன் வாங்கித் தர வேண்டும் என்று இருவர் பேசிவைத்துக்கொள்வதும் சூதாட்டமே என்பதை ஃபிக்ஹ் வகுப்பில் சொன்னபோது சில முகங்கள் வாடின. மக்ரூனை வென்றவரே மகிழ்ச்சியாக வாங்கி எல்லோருக்கும் கொடுக்கட்டும். முன்கூட்டிய நிபந்தனை இல்லையெனில் தடையும் இல்லை.

ஊர் அணிகளை நடத்தும் சகோதரர்களிடம் ஒரு கோரிக்கை. முதல் ஆட்டத்தில் தவறிழைத்த பையனை அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வைக்காதீர்கள். குறைந்தது மூன்று ஆட்டங்களாவது கொடுங்கள். திடலின் ஓரத்தில் நின்று கத்தும் வாப்பாமார்களை, ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்து முடிக்கும் வரையிலாவது சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். என்ன பிழை நடந்தது என்பதைப் பயிற்சியாளர் மறுநாள் மாலை, அந்தப் பையனிடம் தனியாகப் பேசட்டும்.