நீரடியில் கிடைத்த மோதிரம் யாருடையது?



கீரிமலைக் கேணியில் நீராடிக் கரையேறும் ஒருவர் தம் விரலைப் பார்க்கிறார், மோதிரத்தைக் காணவில்லை. குளிர்ந்த நீரில் விரல் சற்றே சுருங்கும்; சவர்க்காரம் பட்டால் வழுக்கும். மோதிரம் கழன்று போவதை நீருக்குள் நிற்பவர் பெரும்பாலும் உணர்வதில்லை. கொக்கி தளர்ந்த சங்கிலியும் அவ்வாறே நழுவிவிடும். தூய பொன் அதே அளவு நீரைவிட ஏறத்தாழ 19 மடங்கு எடையுள்ளது. ஆதலால் அது நெடுந்தூரம் அடித்துச் செல்லப்படாமல், விழுந்த இடத்திற்கு அருகிலேயே மணலுக்குள் இறங்கிக் கெட்டியான தரையில் தங்கிவிடும். தேடுகிறவனுக்கு அது கிடைக்கக்கூடும் என்பதுதான் இங்கே கேள்வியையே எழுப்புகிறது.

அச்சுவேலிப் பகுதியில் வாழ்வோருக்கு இது அந்நியமான செய்தி அன்று. தொண்டைமானாற்று நீரேரியும் வளலாய்க் கடற்கரையும் நமக்கு அருகில் உள்ளன. வீட்டுக்கு வீடு கிணறும் உண்டு. கிணற்றில் விழுந்ததை நம் முன்னோர் பாதாளக் கரண்டியால் துழாவி எடுத்தனர். அதற்கும் அகப்படாவிட்டால் நீரை இறைத்துச் சேற்றை அள்ளி அரித்தனர். மேலை நாடுகளில் உலோகம் காணும் கருவியோடு கடலுக்குள் இறங்குவது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துள்ளது. நம் மண்ணிலோ அத்தகைய கருவி கண்ணிவெடி அகற்றியவர்களையே நினைவூட்டுகிறது. அது ஒலித்தால் பொன் என்று எவரும் மகிழ்ந்ததில்லை.

எவ்வழியில் எடுத்தாலும், எடுத்தது யாருடையது? "கண்டெடுத்தவனுக்குச் சொந்தம்" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கப்பர்நாகுமில் பேதுரு பிடித்த மீனின் வாயில் நாணயம் இருக்கவில்லையா என்று விவிலியத்தையே துணைக்கு அழைப்போரும் உண்டு (மத்தேயு 17:27). அந்த நாணயம் ஆண்டவரின் கட்டளைப்படி எடுக்கப்பட்டது. கோவில் வரியாக உடனே செலுத்தவும்பட்டது. பேதுருவின் மடியில் அது தங்கவில்லை.

இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி 2 அரசர்கள் 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. யோர்தான் கரையில் மரம் வெட்டிய ஒருவனின் கோடரித் தலை நீரில் விழுந்துவிடுகிறது. அவன் கலங்குகிறான், ஏனெனில் அது இரவல் வாங்கியது. எலிசா ஒரு மரக்கொம்பை எறிய, இரும்பு மிதக்கிறது. ஒரு நாட்டின் படைகள் பற்றியெல்லாம் பேசும் அந்நூல், ஓர் ஏழையின் இரவல் கோடரிக்கு ஏழு வசனங்களை ஒதுக்கியிருப்பதை எண்ணிப் பாருங்கள். நீரில் விழுந்துவிட்டதனால் பொருள் உரியவரை இழந்துவிடுவதில்லை.

திரு அவையின் போதனையும் ஐயத்திற்கு இடமின்றி இருக்கிறது. காணாமற்போன பொருளை வேண்டுமென்றே வைத்துக்கொள்வது ஏழாம் கட்டளைக்கு எதிரானது என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2409ஆம் எண் கூறுகிறது. அரச சட்டம் அதைத் தடுக்காத இடத்திலும் அப்படியே. இணைச்சட்டம் 22ஆம் அதிகாரமோ, உரியவர் தேடி வரும்வரை பொருளை நம் வீட்டில் காக்கச் சொல்கிறது.

இனி, பலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்டெடுத்த நகையைக் கோடி அற்புதர் புனித அந்தோனியாரின் உண்டியலில் இட்டுவிட்டால் மனச்சான்று அமைதியடையும் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. எனக்கு அது ஏற்புடையதன்று. பிறர் பொருளை எடுத்துக் காணிக்கை கொடுக்க நமக்கு உரிமை இல்லை. உரியவர் யாரென்றே தெரியாதபோது அவருடைய ஆன்ம நலனுக்காக ஏழைகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் முதலில் அவரைக் கவனமாகத் தேடியிருக்க வேண்டும் என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. புனித அந்தோனியாரின் வரலாற்றிலும், மடத்தை விட்டுப் போன நவசந்நியாசி எடுத்துச்சென்ற திருப்பாடல் நூலை அவனே திரும்பக் கொண்டுவந்து கொடுத்தான் என்றே மரபு சொல்கிறது. புதுமை எடுத்தவனின் மனத்தில் நிகழ்ந்தது.

எல்லா நாணயமும் ஒன்றல்ல என்பதும் உண்மையே. உரோமையின் திரேவி நீரூற்றில் பயணிகள் தாமாக எறியும் காசுகள் அள்ளப்பட்டு, உரோமைக் காரித்தாஸ் நிறுவனத்தின் வழியாக வறியோரைச் சென்றடைகின்றன. நம் நாட்டின் தென்கிழக்கே பெரிய பாசஸ் கற்பாரில் 1961இல் மைக் வில்சன் குழுவினர் கண்ட சூரத்து வெள்ளி நாணயங்கள் ஔரங்கசீப் காலத்தவை. அவற்றைக் கேட்டு வர எவரும் இல்லை. அத்தகைய பழம்பொருள்களுக்கு 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நேற்று விழுந்த தாலிக்கொடிக்கோ ஒரு முகம் இருக்கிறது, ஒரு வீடு இருக்கிறது.

நம் ஊர்களில் அந்த வீடு பூட்டிக் கிடக்கலாம். 1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்தது. அன்று போனவர்களில் எத்தனை பேர் இன்று கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள்! வாங்கிய வளவின் பழைய கிணற்றைத் துப்புரவாக்கும்போது ஒரு காப்பு அகப்பட்டால், முன்பு அங்கே வாழ்ந்தவர் யாரென்று அயலவருக்குத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பில் அவரைக் கண்டுவிடலாம். பவுன் விற்கும் விலையில் அந்த அழைப்பை எடுப்பது கடினம் என்பதையும் அறிவேன்.

கண்டெடுத்தவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. பங்குத்தந்தையிடம் கூறித் திருப்பலி முடிவில் அறிவிக்கச் செய்யலாம். பிற சமயத்தவரும் நீராடும் இடமாயின் கிராம சேவையாளருக்கும் பொலிஸாருக்கும் தெரிவிக்க வேண்டும். "ஒரு நகை கிடைத்தது" என்று மட்டும் சொல்லுங்கள். அதன் வடிவையும், உள்ளே பொறித்த எழுத்தையும், எங்கே எப்போது தவறியது என்பதையும் கேட்டு வருபவரே சொல்லட்டும்.