வாரம் ஒருமுறை மணி அடிக்கட்டும்

ஹாங்காங்கின் தாய் போ பகுதியில் உள்ள வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் எட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள். 2025 நவம்பர் 26 அன்று பிற்பகலில் பிடித்த தீ அவற்றில் ஏழுக்குப் பரவியது. 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டியும் போனில் கூப்பிட்டும் சொன்னதால்தான் பலருக்குத் தீப்பிடித்த செய்தியே தெரிந்தது. பிறகு தீயணைப்புத் துறை சோதித்தபோது, எட்டுக் கட்டடங்களிலும் தீ எச்சரிக்கை மணி சரியாக வேலை செய்யவில்லை என்று தெரியவந்தது. மணி இருந்தது, அடிக்கவில்லை.

நம் ஊர் அடுக்ககங்களுக்கு வருவோம். தரைத்தளத்தில் செக்யூரிட்டி மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் ஃபயர் அலாரம் பேனல். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அதில் பச்சை விளக்கு மட்டும் எரிய வேண்டும். எங்கோ ஒயர் அறுந்தாலோ, பேட்டரி கெட்டாலோ மஞ்சள் விளக்கு எரியும், கூடவே ‘பீப் பீப்’ என்று சத்தம் வரும். சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சத்தம் போய்விடும், கோளாறு போகாது. அந்த மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரியும் கட்டடங்கள் உண்டு. இரவுக் காவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த விளக்குக்கு என்ன பொருள், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கூரையில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்மோக் டிடெக்டருக்குள் சின்ன இருட்டறை ஒன்று இருக்கிறது. அதனுள் ஒளிக்கற்றை பாய்ந்துகொண்டே இருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறும், அதை உணர்ந்து மணி அடிக்கும். தூசி படிந்தாலும், பூச்சி புகுந்தாலும் அதே ஒளிதான் சிதறுகிறது. சுத்தம் செய்யாத டிடெக்டர் நள்ளிரவில் காரணமில்லாமல் கத்துவது இதனால்தான். இரண்டு முறை கத்தினால் குடியிருப்போர் திட்டுவார்கள், மூன்றாவது முறை அந்தத் தளத்தின் இணைப்பையே யாராவது துண்டித்துவிடுவார்கள். புலி வருது கதைதான். பெயின்ட் அடிக்கும்போது டிடெக்டரில் கட்டிய பாலித்தீன் பையை அவிழ்க்காமல் போய்விட்டால் கேட்கவே வேண்டாம், புகை உள்ளே போகவே வழியில்லை.

பேட்டரி இன்னொரு ஏமாற்று. தீ விபத்தில் முதலில் போவது பெரும்பாலும் மின்சாரம். அப்போது பேனலின் அடியில் இருக்கும் பேட்டரிகள்தான் மணியை அடிக்க வைக்க வேண்டும். வயதான பேட்டரி மீட்டரில் வோல்டேஜைச் சரியாகவே காட்டும், தளம்தோறும் மணியை ஒலிக்கும் ஹூட்டர்கள் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது படுத்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மணியை அடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தீ எச்சரிக்கை அமைப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2189. அதன் தலைப்பிலேயே ‘பராமரிப்பு’ என்ற சொல் இருக்கிறது. நடைமுறையிலோ ஏஎம்சி எனும் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதோடு கடமை முடிந்ததாகக் குடியிருப்போர் அசோசியேஷன்கள் நினைக்கின்றன. யார் குறைந்த தொகை சொன்னாரோ அவருக்கு ஒப்பந்தம். பல இடங்களில் டெக்னீஷியன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பேனலைத் துடைத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். அவர் மணியை அடித்துச் சோதிக்க நினைத்தாலும், ‘குழந்தை தூங்குகிறது, வேண்டாம்’ என்று தடுப்பவர்கள் நாம்தான்.

பிரிட்டனில் அலுவலகங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் வாரத்தில் ஒருநாள், குறித்த நேரத்தில் மணியை அடித்துப் பார்ப்பது நடைமுறை. கண்ணாடியை அழுத்தி அபாயம் அறிவிக்கும் சிவப்புப் பெட்டிகள் கட்டடத்தில் எத்தனை இருந்தாலும், வாரத்துக்கு ஒன்றாக முறைவைத்து எல்லாமே சோதனைக்கு வந்துவிடும். இதற்கு நிபுணர் தேவையில்லை, சொல்லிக் கொடுத்தால் கட்டட ஊழியரே செய்யலாம். இங்கே இதைச் சட்டமாக்கத் தயங்க வேண்டியதில்லை. அதுவரை அசோசியேஷன்களும் மருத்துவமனைகளும் தாமாகவே தொடங்க வேண்டும்.

மருத்துவமனைகளை இங்கே சொல்லக் காரணம் உண்டு. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் தாக்குரியா பகுதி மருத்துவமனையில் அடித்தளத்தில் பிடித்த தீ, சுமார் 90 பேரைப் பலிகொண்டது. பெரும்பாலானோரைக் கொன்றது, மேல் மாடிகளுக்கு ஏறிய புகை. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை மீட்புப் படையினர் வெளியே எடுத்தார்கள். மணி அடித்ததும் ஏசி விசிறியை நிறுத்தவும், லிப்டைத் தரைத்தளத்துக்கு இறக்கவும் பேனலிலிருந்தே இணைப்புக் கொடுக்க முடியும். அந்த இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று வருடத்தில் ஒருநாளாவது எத்தனை இடங்களில் பார்க்கிறார்கள்?

தூங்குபவரை எழுப்பத் தலைமாட்டில் 75 டெசிபல் சத்தமாவது வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஹூட்டர் இருப்பது மாடிப்படிக்குப் பக்கத்தில். வாசல் கதவும் படுக்கையறைக் கதவும் சாத்தியிருக்க, ஏசியும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தத்தில் எவ்வளவு உள்ளே வரும்? ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அடித்துப் பார்க்கலாம். எட்டாவது மாடியில் தனியாக இருக்கும் பெரியவருக்குக் கேட்டதா என்று யாராவது போய் விசாரித்து, பதில் எதுவானாலும் பேனலுக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் தேதியோடு எழுத வேண்டும்.