இயந்திரமே நிரல் எழுதும்போது நாம் ஏன் கற்க வேண்டும்?

மாணவர்களே, நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் பாடத்தை எடுக்கலாமா என்று உங்களில் பலர் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். "செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனி அதைப் படித்து என்ன பயன்?" என்று யாராவது உங்களிடம் கேட்டும் இருப்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால், 'பயனில்லை' என்று முடிவுகட்டுவது தவறு என்பது என் கருத்து. நோம் ஷசீர் என்ற அமெரிக்க நிரலாளர் கடந்துவந்த பாதையைப் பார்த்தால் அதற்கான காரணம் உங்களுக்கே புரியும்.

ஷசீர், 1994இல் ஹாங்காங்கில் நடந்த அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டில் தங்கம் வென்ற மாணவர். 2000ஆம் ஆண்டில் கூகள் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தொடக்கத்தில் செய்த முக்கியமான வேலை என்ன தெரியுமா? தேடல் பெட்டியில் நாம் பிழையாகத் தட்டும் சொல்லைத் திருத்தும் நிரலை எழுதியதுதான். மனிதர் செய்யும் சிறு வேலை ஒன்றை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் தானியக்கம் அது. கேட்பதற்குச் சாதாரண வேலையாகத்தான் தோன்றும்.

அதற்கு முன்பு கூகளில் இருந்த திருத்தி, அகராதியை நம்பியது. 'டர்போடாக்ஸ்' என்பது அமெரிக்கர்கள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யப் பயன்படுத்தும் மென்பொருள். அந்தப் பெயர் அகராதியில் இல்லை. எனவே, "டர்பட் ஆக்ஸ் என்று தேடுகிறீர்களா?" எனத் திருத்தி கேட்டது. டர்பட் என்பது ஒரு மீன்; ஆக்ஸ் என்றால் கோடரி. வரி கட்ட வந்தவருக்கு மீனும் கோடரியும் கிடைத்தன!

புதிய திருத்தி வேறு வழியில் சென்றது. மக்கள் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்பதை இணையத்தில் குவிந்து கிடந்த சொற்களிலிருந்தே அது கணக்கிட்டது. இந்த வேறுபாட்டைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். "நேற்று நல்ல மலை பெய்தது" என்று எழுதுங்கள். 'மலை' சரியான சொல் என்று அகராதி விட்டுவிடும். உங்களுக்கு மட்டும் பிழை எப்படித் தெரிகிறது? பக்கத்தில் 'பெய்தது' இருக்கிறது. பெய்வது மழைதான், மலையல்ல. ஆக, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கே எந்தச் சொல்லுடன் எந்தச் சொல் சேரும் என்ற அறிவு தேவைப்படுகிறது.

இப்போது 2017ஆம் ஆண்டுக்கு வருவோம். கூகளில் ஷசீர் உட்பட 8 பேர் சேர்ந்து 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற கணினி அமைப்பை விளக்கி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். மொழிபெயர்ப்புக்காக உருவாக்கப்பட்ட அமைப்பு அது. ஒரு வாக்கியத்திலுள்ள ஒவ்வொரு சொல்லும் மற்றச் சொற்களில் எதை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்பதை அது எண்களால் கணக்கிடுகிறது. 'மலை'யைப் பார்க்கும்போது 'பெய்தது' உங்கள் கண்ணில் பட்டதே, ஏறக்குறைய அதே வேலைதான். அந்தக் கவனிப்பைப் பல கோணங்களில் ஒரே நேரத்தில் நடத்தும் யோசனையை ஷசீர் முன்வைத்தார். சாட்ஜிபிடி என்ற பெயரின் கடைசியிலுள்ள 'டி' இந்த டிரான்ஸ்ஃபார்மரைத்தான் குறிக்கிறது. அடுத்த சொல் எது என்று கணித்துக் கணித்துப் புதிதாக எழுதும் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவுக்கு அதுவே அடித்தளம்.

2021இல் கூகளிலிருந்து விலகிய ஷசீர், கற்பனைப் பாத்திரங்களுடன் உரையாட உதவும் கேரக்டர் ஏஐ நிறுவனத்தை நண்பருடன் தொடங்கினார். 2024இல் கூகளுக்குத் திரும்பி, ஜெமினியின் தொழில்நுட்பத் தலைவர்களில் ஒருவராகப் பொறுப்பேற்றார்.

அந்த 24 ஆண்டுகளில் கணினிகள் மாறின, கருவிகள் மாறின. ஆனால், 'இந்த வேலையைச் செய்ய இயந்திரத்துக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?' என்ற கேள்வி மாறவே இல்லை. வேலையை முழுமையாகப் புரிந்துகொண்டவரால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

"எல்லாரும் ஷசீர் ஆகிவிட முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. அவருடைய கணிதத் திறமை எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் யாருக்கும் வரும்.

அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? எழுத்துத் திருத்தி தவறினால் சிரித்துவிட்டுப் போகலாம். உரையாடும் இயந்திரம் தவறினால் அப்படிச் சிரிக்க முடியாது. கேரக்டர் ஏஐ தங்கள் பிள்ளைகளுக்குத் தீங்கு விளைவித்ததாகக் கூறி, அமெரிக்காவில் பெற்றோர் சிலர் 2024இல் வழக்குத் தொடுத்தனர். 2025 நவம்பரில், 18 வயதுக்குட்பட்டோர் அதன் பாத்திரங்களுடன் தடையின்றி உரையாடும் வசதியை அந்நிறுவனம் நிறுத்தியது. இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வேலை பெரிதாகப் பெரிதாக, தவறின் விலையும் கூடுகிறது. நாளை இத்துறையில் தலைமை ஏற்பவர், எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டியவர். உள்ளே நடப்பது புரியாதவரால் அந்த முடிவை எடுக்க இயலாது.

எனவே, செயற்கை நுண்ணறிவைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது எழுதித் தரும் நிரலை வரி வரியாக ஒரு நண்பருக்கு விளக்கிப் பாருங்கள். எந்த வரியில் தடுமாறுகிறீர்களோ, அங்கேதான் உங்கள் பாடம் தொடங்குகிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் ல, ள, ழ பிழைகளைக் கண்டுபிடிக்கும் ஒரு சிறு நிரலை நீங்களே எழுதுங்கள். அது 'மலை'யிடம் தோற்றுப்போகும். ஏன் தோற்றது என்று கண்டறிந்த பிறகு, கணினி அறிவியலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.